தலைவர் கைக்கு ஒரு செட்டிங்

ரிமோட்டை ஊர்த் தலைவர் தலைகீழாகப் பிடித்திருந்தார்.

ஏரியல் அவருடைய தொப்பையைக் குத்திக்கொண்டிருந்தது. எதிரே மணலில் நின்ற என் விமானத்தின் வால் மேலும் கீழும் ஆடியது. தலைவர் முகம் மலர்ந்துவிட்டது.

“பாத்தியா ஏழுமல, வணக்கம் வெக்குது!”

“வணக்கம் இல்ல தலைவரே. நீங்க குச்சிய ஆட்டறீங்க. அது வால ஆட்டுது.”

“அதத்தாம்பா நானும் சொல்றேன்.”

சுற்றி நின்றவர்கள் கைதட்டினார்கள். தலைவர் தும்மினால்கூடக் கைதட்ட எங்கள் குப்பத்தில் எப்போதும் நாலு பேர் தயாராக இருப்பார்கள். கடல் காற்றில் டீசல் வாசனையும் ஈர வலையின் வீச்சமும் கலந்து வந்தன. நான் பெட்டியை மெதுவாகத் திருப்பி அவர் கையில் நேராக வைத்தேன். அவர் உடனே இரண்டு குச்சிகளையும் ஓரம் வரைக்கும் தள்ளினார். நல்லவேளையாக மோட்டாருக்கான தனி பேட்டரி என் சட்டைப் பையில் இருந்தது.

இந்த மனிதர் அடுத்த சில நாட்களில் ஓர் அதிகாரியின் தலைக்கு மேலே அந்த விமானத்தை ஓட்டப் போகிறார் என்று ஊரே முடிவு செய்திருந்தது. அதாவது, அவர் முடிவு செய்திருந்தார்.

காக்காவும் கலாவும்

இந்தத் தொடரை இந்த வாரம்தான் கையில் எடுக்கிறவர்களுக்காகச் சொல்லிவிடுகிறேன். பழவேற்காட்டுக்குத் தெற்கே, கிழக்கில் கடலும் மேற்கில் ஏரியுமாக, நடுவில் மணல்திட்டில் கிடக்கிறது எங்கள் குப்பம். என் நைனா கடலுக்குப் போனவர். நான் காட்டுப்பள்ளித் துறைமுகத்தில் கிரேன் ஓட்டுகிறவன். துறைமுகம் வேண்டாம் என்று ஊரே தொண்டை வறளக் கோஷம் போட்ட பாதையில், அதே துறைமுகத்துச் சட்டையை மாட்டிக்கொண்டு பைக்கில் போய் வருகிறவன். அதனால் ஊர்க்கூட்டத்தில் எனக்குக் கடைசி வரிசை. திருவிழாவுக்குக் கோபுரத்தில் சீரியல் லைட் கட்ட ஆள் தேவைப்படும்போது மட்டும் முதல் வரிசை.

என் மனைவி கலாவதிக்கு அந்தப் பிரச்சினை இல்லை. அவள் ஊரின் மகளிர் குழுத் தலைவி. கருவாடு போடுகிற பெண்கள் எல்லோரும் அவள் பேச்சைக் கேட்பார்கள். கேட்காத ஜீவன் காக்கா மட்டும்தான்.

நெத்திலி வருகிற பருவத்தில் எங்கள் மணல் முழுக்க வெள்ளி கொட்டின மாதிரி இருக்கும். பழைய வலையை விரித்து அதன்மேல் மீனைப் பரப்புவார்கள். பரப்பி நிமிர்வதற்குள் காக்கா வந்துவிடும். கலா கையில் எப்போதும் ஒரு சவுக்குக் குச்சி இருக்கும். இவள் இந்தக் கோடிக்கு ஓடினால் அவை அந்தக் கோடிக்குப் போகும். காக்கா போனால் நாய். நாய் போனால் காற்று, மணலை வாரி மீன்மேல் போடும்.

ஒரு நாள் நான் வேலை முடிந்து வீட்டுக்குள் நுழைந்தபோது கலா தலைவிரி கோலமாக உட்கார்ந்திருந்தாள்.

“அவ்ளோ பெரிய கிரேன ஓட்டறியே, இந்தக் காக்காவ ஓட்ட ஒரு வழி தெரியலையாயா ஒனக்கு?” என்றாள்.

நான் இதைப் பழவேற்காடு கடைத்தெருவில் மொபைல் ரிப்பேர் கடை வைத்திருக்கும் ஜமால் பாயிடம் சொன்னேன். பாய் என் பள்ளிக்கூடத்துத் தோழன். அவன் குடும்பத்தில் முன்னோர்கள் கப்பலேறி வியாபாரம் செய்தவர்கள் என்று அடிக்கடி சொல்லுவான். இவன் ஏறினது ஸ்டூல் மட்டும்தான். அன்றைக்கும் ஸ்டூலில் ஏறிப் பரண்மேலிருந்து ஒரு நீளமான அட்டைப் பெட்டியை இறக்கினான்.

உள்ளே தெர்மாகோல் மாதிரி ஒன்றில் செய்த விமானம். மூக்கில் ஒரு விசிறி. கூடவே இரண்டு குச்சிகள் நீட்டிக்கொண்டிருக்கும் ரிமோட் பெட்டி. சென்னைக்காரர் ஒருவர் ரிப்பேருக்குக் கொடுத்துவிட்டுத் திரும்பி வரவேயில்லையாம்.

“பருந்து மாதிரி பெயிண்ட் அடிச்சு மேல வுடு மச்சான். ஒரு காக்கா நிக்காது, அல்லாம் ஓடிப்புடும்” என்றான் பாய்.

இருவருக்கும் பருந்தைப் பற்றித் தெரிந்த அளவுக்குக் காக்காவைப் பற்றித் தெரிந்திருக்கவில்லை.

குச்சியின் கோபம்

முதல் நாள் விமானம் பறந்தது என்று சொல்வது மரியாதைக்காக. அது துள்ளியது. குச்சியை ஒரு மயிரிழை நகர்த்தினால் மூக்கை வானத்துக்குத் தூக்கியது. பயந்து கையை இழுத்தால் தலைகுப்புற இறங்கியது. தூண்டிலில் மாட்டின மீன் மாதிரி நாலு துள்ளல் துள்ளிவிட்டு மணலில் மூக்கைச் சொருகிக்கொண்டது.

எனக்கு ரோஷம் வந்துவிட்டது. நான் கிரேன்காரன். என் வேலையே குச்சியைப் பிடிப்பதுதான்.

கிரேனில் உட்கார்ந்து பார்த்தவர்களுக்கு இது புரியும். அந்தக் குச்சிக்கு நடுவில் ஒரு சோம்பல் இருக்கும். லேசாக நகர்த்தினால் மேலே தொங்குகிற கனம் யோசித்து யோசித்து நகரும். ஓரத்துக்குத் தள்ளினால்தான் வேகம். நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில் பழக்குகிறவர் பக்கத்தில் நின்றுகொண்டு, “தடவு, குத்தாதே” என்று நாள் பூராவும் சொல்லுவார். நான் அப்போது வீட்டில் டம்ளரை எடுத்தாலும் தடவித்தான் எடுத்தேன். கலா என்னை டாக்டரிடம் கூட்டிப் போகலாமா என்று யோசித்ததாகப் பிற்பாடு சொன்னாள்.

இந்த விமானத்துக் குச்சியில் அந்தச் சோம்பல் இல்லை. தொட்டதும் கோபம் வந்தது. “இதுக்கு ஒரு செட்டிங் இருக்கும் பாய், தேடு” என்றேன்.

பாய் வீடியோ பார்த்துக் கண்டுபிடித்தான். பெட்டியின் சின்னத் திரைக்குள் ‘எக்ஸ்போ’ என்று ஒன்று ஒளிந்திருந்தது. அதைக் கூட்டி வைத்தால் குச்சி நடுவில் சாதுவாகிவிடும். ஓரத்தில் மட்டும் முழு வீரியமும் அப்படியே இருக்கும். ‘ரேட்’ என்று இன்னொன்றும் இருந்தது. அதைக் குறைத்தால், குச்சியை எவ்வளவு தள்ளினாலும் விமானம் கொஞ்சம்தான் திரும்பும். பெட்டியின் தலையில் இருந்த ஒரு சுவிட்சைத் தட்டி அந்த ரேட்டைக் கூட்டவும் குறைக்கவும் முடியும்.

பாய் எக்ஸ்போவில் கூட்டல் குறி போட்டு ஒரு நல்ல பெரிய எண்ணை வைத்தான்.

“இப்போ வெண்ண மாதிரி போவும் பாரு.”

மேலே ஏறிய விமானத்துக்குச் சாமி வந்துவிட்டது. முன்பு துள்ளியது இப்போது சிலம்பம் சுற்றியது. கரையில் வலை பின்னிக்கொண்டிருந்தவர் தலைக்கு மேலே இரண்டு முறை வந்து பார்த்துவிட்டு, மூன்றாவது முறை அவருடைய வலைக்குள்ளேயே விழுந்து மாட்டிக்கொண்டது. அதை உரித்தெடுக்கும் வரைக்கும் அவர் எங்கள் இருவர் வம்சத்தையும் விசாரித்தார்.

பிறகுதான் தெரிந்தது. சில கம்பெனிப் பெட்டிகளில் கூட்டல் போட்டால் சாதுவாகும். சிலவற்றில் கழித்தல் போட்டால்தான் சாதுவாகும். எங்களுடையது இரண்டாவது ஜாதி. வீடியோவில் வந்தவர் முதல் ஜாதிப் பெட்டி வைத்திருந்தார்.

பாய் கழித்தல் குறி போட்டான். அன்றைக்குச் சாயங்காலம் என் விமானம் ஏரித் தண்ணீரின் மேல் ஒரு பெரிய வட்டம் போட்டது. குச்சியைத் தடவினேன், அது திரும்பியது. விட்டேன், அது நேரானது. கீழே பூநாரைகள் தலை தூக்கிப் பார்த்துவிட்டு, ஒன்றுமில்லை என்று மறுபடியும் சேற்றுக்குள் அலகை விட்டன. பாய் மூக்கை உறிஞ்சினான். மணல் போய்விட்டது என்றான்.

ஊரைக் கூட்டிய காக்கா

பருந்து வேஷத்தில் விமானம் நெத்திலியின் மேலே முதல் முறையாகப் போனபோது காக்காக்கள் ஓடவில்லை. கத்தின. அக்கம்பக்கத்துக் காக்காவையெல்லாம் கூட்டி வந்தன. எல்லாமாகச் சேர்ந்து விமானத்தைத் துரத்தின.

“இன்னாயா, பொதுக்கூட்டம் மாதிரி கூட்டிட்ட?” என்றாள் கலா.

“சரி, இறக்கிடறேன்.”

“இரு, இரு. இறக்காத.”

அவள் மணலைக் காட்டினாள். நெத்திலியின் மேல் ஒரு காக்கா இல்லை. அத்தனையும் வானத்தில் எதிரியைத் துரத்திக்கொண்டிருந்தன. நான் விமானத்தை ஏரிப் பக்கம் இழுத்துப் போனேன். பின்னாலேயே போயின. பேட்டரி தீருகிற வரைக்கும் பெண்கள் நிம்மதியாக மீனைப் புரட்டினார்கள்.

இப்படியாக நாங்கள் நினைத்ததற்கு நேர் எதிராக நடந்து, நாங்கள் நினைத்தது நடந்தது. தினமும் வேலைக்குப் போகும் முன் ஒரு சுற்று, வந்த பிறகு ஒரு சுற்று. ஊரில் என்னைத் துறைமுகத்துக்காரன் என்று சொல்வது குறைந்து, காக்கா ஓட்டுகிறவன் என்று சொல்ல ஆரம்பித்தார்கள். நான் இதை உயர்வாகவே எடுத்துக்கொண்டேன்.

யாரோ ஸ்டேஷனில் சொல்லி, ஒரு போலீஸ்காரர் வந்தார். பக்கத்தில் ராக்கெட் விடுகிற இடம் இருப்பதால் எங்கள் பக்கம் மேலே எது பறந்தாலும் கேள்வி வரும். அவர் விமானத்தைக் கவிழ்த்துப் பார்த்தார்.

“கேமரா கீதா?”

“இல்ல சார்.”

“அப்போ பொம்மை. பனை உயரத்துக்கு மேல வுடாத” என்று சொல்லிவிட்டுக் கொஞ்சம் நெத்திலி வாங்கிக்கொண்டு போனார்.

கருவாடு இல்லாத ஊர்

அப்போதுதான் அந்தச் செய்தி வந்தது. கருவாடு காயவைக்க சிமென்ட் தளம் ஒன்றை அரசாங்கம் கட்டித் தரப்போகிறது. எங்கள் குப்பத்துக்கா, ஏரிக்கு அந்தப் பக்கத்துக் குப்பத்துக்கா என்று பார்த்து முடிவு செய்ய ஒரு பெண் அதிகாரி வருகிறார்.

பெண்களுக்கு இது எவ்வளவு பெரிய விஷயம் என்று கருவாட்டில் மண் கடித்தவர்களுக்குத் தெரியும். கலா நாலைந்து வருஷமாக மனு கொடுத்து அலைந்ததற்கு வந்த பலன் இது. சவுக்குத் தோப்புக்குப் பின்னால் ஏரியோரத்தில் இருக்கும் புறம்போக்கு மேட்டில் தளம் வர வேண்டும் என்பது அவர்கள் ஆசை. வீட்டுக்குப் பக்கம், வெயிலுக்கும் தடையில்லை.

தலைவருக்கு வேறு ஆசை. தளம் ஊர் முகப்பில், அவருடைய ஐஸ் கொட்டகைக்குப் பக்கத்தில் வர வேண்டும். கருவாடு இல்லாத மாதங்களில் ஐஸ் லாரி நிறுத்த வசதியாக இருக்கும் என்று அவர் சொல்லவில்லை. அவர் சொன்னது, “மெயின் ரோட்டுல இருந்தாத்தான் கௌரதயா இருக்கும்.”

அவர் ஏற்பாடுகளில் இறங்கினார். பந்தல், மேடை, மைக்செட், ஊர் எல்லையில் பேனர். கடைசியாக என் வீட்டு வாசலுக்கு வந்தார்.

“உன் ஏரோப்ளேன் மேலேந்து பூ கொட்டணும் ஏழுமல. மேடம் தலையில வியணும்.”

“செஞ்சிடலாம் தலைவரே.”

“நான் ஓட்டுவேன்.”

“நீங்களா?”

“பின்ன? மேடையில நீ வந்து நிப்பியா?” என்றார். அவர் குரலில் கெட்ட எண்ணம் இல்லை. நிஜமாகவே சந்தேகம் கேட்டார்.

அன்றைக்குப் பொழுது சாய்வதற்குள் ஆட்டோவில் மைக் கட்டி ஊரைச் சுற்றி அறிவிப்பு வந்தது. அதிகாரி வரும் நாளில் ஊர் சுத்தமாக இருக்க வேண்டும், நாற்றம் வரக்கூடாது, ஆகவே அன்றைக்கு யாரும் கருவாடு காயப்போடக் கூடாது.

கலா குழம்புக் கரண்டியோடு வாசலுக்கு வந்து நின்று ஆட்டோ போகிற வரைக்கும் பார்த்தாள்.

“கருவாடு காயப்போட எடம் இல்லன்னு பாக்க வர்றாங்க. கருவாடே இல்லாத ஊரக் காட்டப் போறாரா இந்த ஆளு?”

“சொல்லிப் பாக்கட்டுமா?”

“நீ சொல்லி அவர் கேட்டுட்டாரு! மேடம் ஊரச் சுத்திப் பாத்துட்டு, இங்க யாரும் கருவாடு போடறதில்லன்னு எழுதிக்கினு போயிடுவாங்க. அந்தப் பக்கத்துக்குத்தான் தளம் போவும். பாத்துக்கினே இரு.”

நான் தலைவரிடம் போய்ச் சொன்னேன். அவர் முழுக்கக் கேட்டார். பிறகு, “பூ என்ன பூ போடலாம்? சாமந்தியா, ரோஜாவா?” என்றார்.

மைக்செட்காரர் வித்தை

தலைவருக்குப் பழக்கிவிடும் வேலை என்னுடையது. அதைத்தான் ஆரம்பத்தில் சொன்னேன்.

அவருக்கு நடு என்பதே கிடையாது. குச்சி என்றால் ஓரம்தான். இந்தக் கோடி, இல்லையென்றால் அந்தக் கோடி. “தடவுங்க தலைவரே, குத்தாதீங்க” என்று என் பழைய பாடத்தைச் சொன்னேன். “தடவறதுக்கு இது இன்னா பூனையா?” என்று கேட்டார்.

எங்கள் கோயில் திருவிழாவில் மைக்செட் போடுகிறவர் ஒருவர் உண்டு. தலைவர் மைக்கைப் பிடித்ததும் முதல் வார்த்தை, “சவுண்டு ஏத்துபா” என்பதுதான். ஏற்றினால் குழாய் அலறும். மைக்செட்காரர் என்ன செய்வார் என்றால், எதோடும் சேராத ஒரு திருகாணியைத் தலைவர் கண்ணுக்குத் தெரிகிற மாதிரி பெரிதாகத் திருகுவார். “இப்போதான் கணீர்னு கீது” என்று தலைவர் பேச ஆரம்பித்துவிடுவார். ஊருக்கே இது தெரியும்.

எனக்கும் பாய்க்கும் ஒரே நேரத்தில் அந்தத் திருகாணி ஞாபகம் வந்தது.

பாய் ரிமோட்டைத் திறந்து உட்கார்ந்தான். சுவிட்ச் மேலே இருந்தால் என் கைக்கான செட்டிங். கீழே தட்டினால் தலைவர் கைக்கான செட்டிங். ரேட்டை அடிமட்டத்துக்கு இறக்கினான். எக்ஸ்போவைக் கழித்தல் பக்கம் இன்னும் தள்ளி, நடுவைப் பஞ்சு மெத்தை ஆக்கினான். அந்த நிலையில் தலைவர் குச்சியை உடைக்கிற மாதிரி தள்ளினாலும் விமானம் நிதானமாக, கோயில் தேர் மாதிரி பெரிய வளைவு எடுத்தது.

அன்றைய ஒத்திகையில் நான் விமானத்தை மேலேற்றி, சுவிட்சைக் கீழே தட்டி, பெட்டியை அவர் கையில் கொடுத்தேன். அவர் குச்சிகளைத் துவைத்தெடுத்தார். விமானம் அமைதியாக வட்டம் போட்டது.

“எப்டி ஓட்டறேன் பாத்தியா?” என்றார். நெற்றியெல்லாம் வேர்வை.

“பழகிட்டீங்க தலைவரே.”

இதில் ஒரே ஒரு சிக்கல். பூவைப் பாய் விமானத்தின் முதுகில் ஒட்டின ஐஸ்கிரீம் டப்பாவில் போட்டிருந்தான். விமானம் நன்றாகச் சாய்ந்தால்தான் பூ கொட்டும். தலைவர் செட்டிங்கில் அது சாயவே சாயாது. அதனால் அவர் இரண்டு சுற்று விட்டதும் பெட்டியை நான் வாங்கி, சுவிட்சை மேலே தட்டி, பூவைக் கொட்டிவிட்டு இறக்குவது என்று பேசி வைத்தோம். தலைவரும் தலையாட்டினார்.

பூ விழுந்த இடம்

அதிகாரி வருகிற அன்றைக்குக் காலையில் கரையேறின படகுகளில் நெத்திலி நிரம்பி வழிந்தது. கடலுக்கு ஆட்டோவில் வந்த அறிவிப்பு கேட்கவில்லை போலிருக்கிறது. அத்தனை மீனைத் தூக்கிப் போடவும் முடியாது, வைத்திருக்கவும் முடியாது. கலாவும் பெண்களும் கூடை கூடையாகச் சுமந்து போய், சவுக்குத் தோப்புக்குப் பின்னால், மேடையிலிருந்து கண்ணுக்குத் தெரியாத அந்த மேட்டில் விரித்தார்கள்.

அதிகாரி மேடம் இளவயதுக்காரர். வெயிலில் கண்ணைச் சுருக்கிக்கொண்டு இறங்கியவரை நேராக மேடைக்குக் கூட்டிப் போய் உட்காரவைத்தார்கள். இளநீர், சால்வை, வரவேற்புரை. சுற்றிலும் பெருக்கிக் கோலம் போட்ட சுத்தமான மணல். மேடம் இரண்டு முறை எழுந்திருக்கப் பார்த்தார். இரண்டு முறையும் யாரோ ஒருவர் சால்வையோடு வந்து உட்காரவைத்தார்.

“கருவாடு எங்க காயவைப்பாங்க?” என்று அவர் கேட்டது மேடைக்குக் கீழே நின்ற எனக்குக் கேட்டது.

“எல்லாம் காட்டறோம் மேடம். மொதல்ல மேல பாருங்க” என்றார் தலைவர்.

நான் விமானத்தை ஏற்றினேன். சுவிட்சைத் தட்டிக் கொடுத்தேன். தலைவர் ஒரு கையில் மைக், இன்னொரு கையில் ரிமோட் என்று நின்றார். மைக்கைப் பாய் வாங்கி அவர் வாய்க்கு நேரே பிடித்துக்கொண்டான்.

முதல் சுற்று அழகாகப் போனது. மேடம்கூடச் சிரித்தார். இரண்டாவது சுற்றின்போது கடல் காற்று வலுத்தது. முதுகில் டப்பாவும் பூவும் சுமந்த விமானம் மேற்கே நகர ஆரம்பித்தது. தலைவர் குச்சியை ஓரம் வரைக்கும் தள்ளினார். தேர் மெதுவாகத் திரும்பியது. காற்று அதைவிட வேகமாகத் தள்ளியது.

“இன்னாபா, சொன்னா கேக்க மாட்டேங்குது!” மைக்கில் ஊர் முழுக்கக் கேட்டது.

“பெட்டியக் குடுங்க தலைவரே.”

“இரு, நான் பாத்துக்கறேன்.”

“பேசி வெச்சோமே தலைவரே!”

அவர் பெட்டியை நெஞ்சோடு அணைத்துக்கொண்டார். அதிகாரி எதிரே, ஊர் எதிரே, கையிலிருப்பதைக் கொடுப்பதா? விமானம் சவுக்கு மர உச்சிகளைத் தாண்டிக்கொண்டிருந்தது. அப்போது தோப்புக்குப் பின்னாலிருந்து கறுப்பாக ஒரு மேகம் எழுந்தது.

காக்கா. ஊரில் இருந்த அத்தனை காக்காவும்.

மேடம் நாற்காலியிலிருந்து எழுந்துவிட்டார். “அங்க ஏன் இவ்வளவு காக்கா?”

“அது வந்து… எங்க ஊர் காக்காதான் மேடம்” என்றார் தலைவர்.

“அது தெரியுது. அங்க எதுக்குக் கூடியிருக்கு?”

நான் தலைவரின் தோளுக்கு மேலே கையை நீட்டி, “கைய லேசா வுடுங்க” என்று கத்திக்கொண்டே சுவிட்சை மேலே தட்டினேன். அவர் விடவில்லை. குச்சி ஓரத்தில் இருந்தது. இப்போது முழு வீரியமும் வந்துவிட்டது. விமானம் ஒரே திருப்பில் மல்லாந்தது. டப்பா கவிழ்ந்து சாமந்தியெல்லாம் வெயிலில் மஞ்சளாகப் பறந்தது. அப்படியே காக்கா நடுவே புகுந்து, தோப்புக்குப் பின்னால் மறைந்தது.

பாய் மைக்கில், “யா அல்லா” என்றான்.

தலைவர் இறக்கிய விமானம்

மேடம் யாரையும் கேட்கவில்லை. மேடையிலிருந்து இறங்கி, செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டு, சுடு மணலில் தோப்பைப் பார்த்து நடந்தார். நான் பின்னாலேயே ஓடினேன்.

தோப்புக்கு அந்தப் பக்கம் ஏரிக்கரை வரைக்கும் நெத்திலி. அதன் நடுவில் மூக்குடைந்த என் பருந்து. நெத்திலியின் மேலெல்லாம் சாமந்தி இதழ். பெண்கள் முந்தானையைத் தலையில் போட்டுக்கொண்டு குச்சியோடு நின்றார்கள். காக்கா மேலே சுற்றிக்கொண்டிருந்தது. காற்று ஒரு வீச்சு வீசி, எங்கள் எல்லோர் முகத்திலும் மீனிலும் மணலை அடித்தது.

மேடம் குனிந்து ஒரு மீனை எடுத்து விரலால் துடைத்தார். மணல் போகவில்லை.

“தினமும் இப்படித்தானா?”

“தெனம் பூ இருக்காது மேடம்” என்றாள் கலா. “மத்ததெல்லாம் இருக்கும்.”

மேடம் சிரித்தார். பிறகு மேட்டில் நடந்து நடந்து கேட்டுக்கொண்டே போனார். மழை வந்தால் என்ன செய்வீர்கள், ஏரித் தண்ணீர் இவ்வளவு தூரம் ஏறுமா, மீனை எங்கிருந்து சுமக்கிறீர்கள். கலா ஒவ்வொன்றுக்கும் இடத்தைக் காட்டிக் காட்டிப் பதில் சொன்னாள். ஊர் முகப்புக்குச் சுமந்து போவதென்றால் பாதி நாள் நடையிலேயே போய்விடும் என்பதையும் சொன்னாள்.

அப்போதுதான் தலைவர் மூச்சிரைக்க வந்து சேர்ந்தார். ரிமோட் இன்னும் கையில் இருந்தது. அவர் மீனைப் பார்த்தார். மேடத்தைப் பார்த்தார். மேடம் அவரைப் பார்த்தார்.

“இதைக் காட்டாம என்னை அங்க உட்கார வெச்சிட்டீங்களே?”

தலைவர் ரிமோட்டை உயர்த்திக் காட்டினார்.

“காட்டத்தான் மேடம் இங்க கொண்டாந்து இறக்கனேன். நீங்க நடந்து வந்து உங்க கண்ணால பாக்கணும்னு.”

பாய் வாயைத் திறந்தான். கலா அவன் முகத்துக்கு நேரே குச்சியை நீட்டிக் காக்கா ஓட்டுவது போல ஓட்டினாள். அவன் வாயை மூடிக்கொண்டான்.

“ஆமா மேடம்” என்றாள் கலா. “தலைவருதான் இறக்கனாரு. தளம் இந்த எடத்துலதான் வரணும்னு அவருக்கு ரொம்ப ஆச. எங்ககிட்டகூட வெளிய சொல்லல. இப்போதான் தெரியுது.”

பெண்கள் எல்லோரும் தலையாட்டினார்கள். ஒருத்தி கைதட்டினாள். மற்றவர்களும் தட்டினார்கள். தலைவரோடு ஓடி வந்த அந்த நாலு பேரும், கைதட்டல் கேட்டதும் பழக்க தோஷத்தில் தட்டினார்கள்.

தலைவர் ஒருமுறை ஐஸ் கொட்டகை இருக்கும் திசையைத் திரும்பிப் பார்த்தார். பிறகு மெதுவாக வணக்கம் வைத்தார்.

அன்றைக்குச் சாயங்காலம் நான் கலாவிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை. உடைந்தது என் விமானம், புகழ் அவருக்கா? அவள் மூக்குடைந்த பருந்தை மடியில் வைத்துக்கொண்டு பசை தடவிக்கொண்டிருந்தாள்.

“உன் பேரச் சொன்னா, பொம்மய வுட்டு மீனு மேல போட்டான் ஒருத்தன்னு போயிடும். அவர் பேரச் சொன்னா தளம் வரும். உனக்கு எது வோணும், நீயே சொல்லு” என்றாள்.

இரண்டும் வேண்டும் என்றேன் நான். அவள் பசையை என் மூக்கில் தடவினாள்.

திறப்பு விழா

அடுத்த மழைக்காலத்துக்கு முன்பே தளம் வந்துவிட்டது. தோப்புக்குப் பின்னால், ஏரியோர மேட்டில். வழவழப்பான சிமென்ட், சுற்றிலும் தண்ணீர் வடிய வாய்க்கால்.

திறப்பு விழாவுக்குத் தலைவர் தளத்தின் நடுவிலேயே நாற்காலி போடச் சொன்னார். மேடத்துக்கு வேறு ஊரில் வேலை, வரவில்லை. ஆகவே பேச்சு முழுவதும் தலைவருடையது. காற்றின் போக்கைக் கணித்து, காக்காவின் குணத்தை ஆராய்ந்து, விமானத்தைக் குறிபார்த்துத் தான் இறக்கிய விதத்தை அவர் விவரித்தார். அதில் சில நுட்பங்கள் எனக்கே புதிதாக இருந்தன.

பேச்சு பாதியில் இருக்கும்போது படகுகள் வந்துவிட்டன. நெத்திலி. பெண்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். கலா எழுந்து போனாள். மற்றவர்களும் போனார்கள். கூடைகளோடு திரும்பி வந்து தளத்தின் ஓரத்திலிருந்து பரப்ப ஆரம்பித்தார்கள்.

தலைவர் பேசிக்கொண்டேயிருந்தார். வெள்ளை வரிசை வரிசையாக அவரை நோக்கி வந்தது. முதலில் மைக் ஸ்டாண்டைத் தூக்கி வைத்தார்கள். பிறகு கைதட்டுகிற நாலு பேரும் எழுந்து கீழே மணலில் போய் நின்றார்கள். மீன் அவர் நாற்காலியைச் சுற்றிக்கொண்டது. அவர் காலைத் தூக்கிக்கொண்டு பேசினார்.

கலா கூடையை இடுப்பில் வைத்துக்கொண்டு அவர் எதிரே வந்து நின்றாள்.

“தலைவரே, கொஞ்சம் அப்பால போய்ப் பேசறீங்களா? உங்க நெழலு மீனு மேல வியுது.”